பாரிஸில் பயமாக இருந்ததா என்று கேட்பவர்களுக்கு



நாங்கள் பாரிஸ் போய்த் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. மகன் அங்கே வேலையில் இருப்பதால் நானும் வீட்டம்மாவும் நாற்பது நாள் தங்கியிருந்தோம். படம் போட்டபோது எல்லோரும் லைக் போட்டீர்கள். ஆனால் நேரில் பார்க்கும்போது ஈபிள் கோபுரம் எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "சார், அங்கெல்லாம் திருட்டு ஜாஸ்தியாமே, பயமா இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறீர்கள். ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், வரும் மே மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம், அவளும் இன்பாக்ஸில் இதையேதான் கேட்டிருக்கிறாள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பயமாக இருந்ததா? முதல் பத்து நாள் இருந்தது. அதற்குக் காரணம் திருடன் இல்லை. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பதினொரு மணிக்கு நின்றாலும் யார் குடித்திருக்கிறான், யார் சும்மா சத்தம் போடுகிறான், யாரிடம் வழி கேட்கலாம் என்று நமக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அறுபது வருஷமாகப் படித்த பாடம் அது. பாரிஸில் அந்தப் பாடமே இல்லை. நான்கு பையன்கள் உரக்கப் பேசிக்கொண்டு வந்தால் அது சண்டையா, கிண்டலா, பரீட்சை முடிந்த சந்தோஷமா என்று தெரியாது. போதாததற்கு, 2015-ல் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு அந்த ஊரில் ராணுவ வீரர்கள் பெரிய துப்பாக்கியோடு தெருவில் ரோந்து வருகிறார்கள். அந்த ஆண்டு நவம்பர் 13 இரவு மட்டும் 130 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்காக நிற்கிறார்கள் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் கோயில் வாசலில் பூக்காரம்மாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சர்ச் வாசலில் துப்பாக்கியைப் பார்த்தால் கால் தானாக வேகமாக நடக்கிறது.

திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. 2013 ஏப்ரலில் லூவர் அருங்காட்சியக ஊழியர்கள் ஜேப்படித் திருடர்கள் தொல்லை தாங்காமல் வேலைநிறுத்தம் செய்து, அந்த இடமே ஒரு நாள் மூடிக் கிடந்தது. மோனலிசா படம் இருக்கிற இடம் அது. 2015 மே மாதம் ஈபிள் கோபுர ஊழியர்களும் இதே காரணத்துக்காக வேலையை நிறுத்தினார்கள். மெட்ரோ ரயிலில் ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை என்று பல மொழிகளில் அறிவிப்பே வருகிறது.

ஆனால் அந்தத் திருட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பெரும்பாலும் அடி உதை கிடையாது. கவனத்தைத் திருப்பி எடுப்பதுதான். கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஏதோ நல்ல காரியத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று பெண்கள் வருவார்கள். நீங்கள் அட்டையைப் பார்க்கும் நேரத்தில் இன்னொரு கை உங்கள் பைக்குள் போகும். மோன்மார்த்ர் குன்றுக் கோயிலுக்கு ஏறும் படிக்கட்டில் ஒருவன் சட்டென்று கையைப் பிடித்து நூல் கட்டுவான், பிறகு பணம் கேட்பான். தரையில் மோதிரம் கிடந்த மாதிரி எடுத்து "உங்களுடையதா?" என்பான். அது பித்தளை. மூன்று கிண்ணியைக் கவிழ்த்துப் பந்து எதில் என்று கேட்கும் ஆட்டமும் உண்டு. நம் சந்தைகளில் பார்த்த மூணு சீட்டுக்கு அண்ணன் தம்பி அது. சுற்றி நின்று ஜெயிக்கிறவன் எல்லாம் அவன் ஆள்தான். ரயிலில் கதவோரம் நின்று போன் பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவான். பையை முதுகில் போடாமல் முன்பக்கம் போடுங்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு நகல் மட்டும் கொண்டுபோங்கள். ஐரோப்பா முழுவதற்கும் அவசர உதவி எண் 112. இவ்வளவுதான்.

எங்களுக்கும் ஒரு அனுபவம் ஆனது. கூட்டமான மெட்ரோவில் நம் ஊர்க் கல்லூரிப் பெண்கள் மாதிரி பளிச்சென்று உடுத்திய இரண்டு பெண்கள் வீட்டம்மாவை ஒட்டி நின்றார்கள். பையின் ஜிப் பாதி திறந்துவிட்டது. வீட்டம்மா முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளின் கையைத் தட்டியே பழக்கப்பட்டவர். பட்டென்று ஒரு தட்டு. அந்தப் பெண்கள் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டார்கள். ஒன்றும் போகவில்லை.

இதை நான் சொன்னால் நம் உறவுக்காரர்கள் சிலர், "அதெல்லாம் ஆப்பிரிக்காக்காரன், அரபுக்காரன் வந்து கெடுத்த ஊருங்க" என்கிறார்கள். சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு வீடியோ நான்கு முறை வந்துவிட்டது. இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மகனின் அலுவலகத்து நண்பர், பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர், எங்களுக்கு ஒரு புத்தி சொன்னார். இருட்டிய பிறகு கார் தூ நோர் ரயில் நிலையம், அதை அடுத்த லாச்சப்பல் பக்கம் போகாதீர்கள், அது பாதுகாப்பில்லாத இடம் என்றார். சுற்றுலாக் குறிப்புகளிலும் இப்படித்தான் இருக்கிறது. அந்த லாச்சப்பல் எது தெரியுமா? நம் தமிழர்கள் கடை வைத்திருக்கும் தெரு! 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஈழத் தமிழர்கள் அங்கே கடை கடையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மளிகை, நகைக்கடை, புடவைக்கடை, முடிவெட்டும் கடை, இடியாப்பம், முருங்கைக்காய், வாழை இலை. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம், 1985-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பிள்ளையாருக்குத் தேர் ஓடுகிறது, பாரிஸ் தெருவில் தேங்காய் உடைகிறது. பாரிஸ் முழுவதிலும் எங்களுக்கு நெஞ்சு படபடப்பு அடங்கிய ஒரே இடம் அதுதான். கடைக்கார ஐயா ஒருவர், வடமராட்சிக்காரர், "பயப்படாதேங்கோ, பையை மட்டும் முன்னுக்குப் போடுங்கோ" என்று சொல்லித் தேநீர் கொடுத்தார்.

ஆக, ஒருவருக்கு ஆபத்தான தெரு நமக்குத் தாய்வீடு. அந்தப் பிரெஞ்சுக்காரர் பொய் சொல்லவில்லை. 2017-ல் அந்த வட்டாரத்துப் பெண்களே, தெருவில் கூட்டமாக நிற்கும் ஆண்களால் நடக்கவே முடியவில்லை என்று கையெழுத்து இயக்கம் நடத்தியிருக்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆனால் "அந்தப் பக்கமே மோசம்" என்று ஒருவர் சொல்லும்போது அதில் அந்தக் கடைக்கார ஐயாவும் சேர்ந்துவிடுகிறார் பாருங்கள்.

இன்னொரு நாள் மெட்ரோவில் நடந்ததையும் எழுத வேண்டும். வீட்டம்மா வழக்கம்போல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எதிரில் உட்கார்ந்திருந்த வயதான வெள்ளைக்காரப் பாட்டி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, அந்தம்மா நம்மளைப் பாத்துப் பயப்படுதுங்க" என்றார் வீட்டம்மா. சிரிப்பாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் குடும்பம், அந்தப் பக்கம் ஒரு பாட்டி. இடையில் திருடன் யாரும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பாட்டியின் இடத்தில் இங்கே நாம் உட்கார்ந்திருக்கிறோம். நாமக்கல் கோழிப்பண்ணை, பள்ளிபாளையம் தறிப்பட்டறை, திருச்செங்கோடு ரிக் வண்டி என்று எங்கே போனாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். பஸ்ஸில் அவர்கள் ஏறினால் நம்மவர் பையைப் பிடிக்கிற பிடியைக் கவனித்திருக்கிறீர்களா?

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் போளூர் பக்கம் அத்திமூருக்குக் குலதெய்வம் கும்பிட காரில் போனது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருந்தார்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில், அந்தக் குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர், அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வடநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துவிட்டார். தமிழ் பேசுகிறவர், கோயிலுக்கு வந்தவர், நம் வீட்டுப் பெரியம்மா வயது. பாரிஸில் வீட்டம்மா எத்தனை குழந்தைகளைப் பார்த்துச் சிரித்து, பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று டிஜிபி சைலேந்திர பாபு அறிக்கை விட்டார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. வீடியோதான் பொய், அந்தத் தொழிலாளர்களின் பயம் பொய்யில்லை. மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினவர்கள் உண்டு. அதே மார்ச்சில் நம் ஜேடர்பாளையம் பக்கம் ஆடு மேய்க்கப் போன இளம்பெண் ஒருவர் கொலையானார். கொடுமையான சம்பவம். போலீஸ் ஒரு சிறுவனைப் பிடித்தது. ஆனாலும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் வேலை செய்த வடமாநிலத்தவர் மேல் சந்தேகம் பரவியது. கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள். மே மாதம் ஒரு கொட்டகையில் ராத்திரி தங்கியிருந்த தொழிலாளர்கள் நான்கு பேர் தீயில் கருகினார்கள், ஒருவர் பிழைக்கவில்லை. பாரிஸில் பயமாக இருந்ததா என்று என்னைக் கேட்கிறவர்கள், ஜேடர்பாளையத்தில் பயமாக இருந்ததா என்று அந்த ஒடிசாப் பையன்களைக் கேட்டிருப்போமா?

"சார், ஏடிஎம் கொள்ளைக்காரன் வந்தானே" என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். வந்தான். 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் ஏடிஎம்களை உடைத்துவிட்டு அரியானாக் கும்பல் கன்டெய்னர் லாரியில் நம் குமாரபாளையம் பக்கம் வந்தது. எப்படி மாட்டினார்கள்? வண்டிகளில் மோதிவிட்டு நிற்காமல் ஓடியதால் மாட்டினார்கள். ஆளின் முகத்தையோ பேச்சையோ வைத்துப் பிடிக்கவில்லை, அவன் செய்த காரியத்தை வைத்துப் பிடித்தார்கள். நான் சொல்வதும் அதுதான். பைக்குள் நுழையும் கையைப் பாருங்கள். லாரித் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சனையின்போது பெங்களூரில் நம் சேலத்துக் கம்பெனியின் பஸ்களை வரிசையாகக் கொளுத்தினார்களே, அன்றைக்கு நம் வண்டி செய்த குற்றம் நம்பர் பிளேட்டில் இருந்த இரண்டு எழுத்துதான்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி போகவில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு பிரான்ஸ் நாடு முழுவதிலும் மூவாயிரத்துச் சொச்சம். மக்கள்தொகையில் பிரான்ஸ் நம்மைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உயிர் பயம் என்று பார்த்தால், பாரிஸில் பச்சை விளக்கில் ரோட்டைக் கடந்தபோது எனக்கு இருந்த நிம்மதி சேலம் ஐந்து ரோட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. இதைப் பற்றி மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதில்லை.

சம்பந்தி வீட்டுக் குழுவில் அந்த வீடியோவைப் போட்ட மாப்பிள்ளைக்கு நான் அன்போடு சொல்லியிருக்கிறேன், அதை எடுத்துவிடுங்கள் என்று. இன்னும் எடுக்கவில்லை. இதையும் படிப்பார் என்று நம்புகிறேன்.

மே மாதம் போகிறவளுக்கு: பயப்படாமல் போய் வா கண்ணு. அப்பா அம்மாவை லாச்சப்பல் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ, மூன்றாம் நாள் அம்மாவுக்கு ரசம் தேடும். தாலிக்கொடி போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் மஞ்சள் கயிறுதான் போய் வந்தது, கொடியை இங்கே பேங்க் லாக்கரில் வைத்துவிட்டோம். காலையில் வாக்கிங் போகும்போது செயின் பறிப்புக்குப் பயந்து நம் ஊரிலும் அது பாதி நாள் லாக்கரில்தான் இருக்கிறது.