மூன்றாம் கட்டம்

'முருகன் குடிகொண்ட மலை, மூன்று எழுத்து.' ஓர் ஏட்டின் குறுக்கெழுத்துப் புதிரில் வந்த குறிப்பு இது. பழனிமலைச் சாரலிலே பயிலும் நம் மாணவர்கள் 'பழனி' என்று எழுதினர். தவறாம்! 'பழநி' என்பதே சரியாம்! காரணம்? அச்சிட்ட விடை அப்படித்தான் சொல்லுகிறதாம்! ஓலையில் இருப்பதை ஒப்புக்கொள், கேள்வி கேட்காதே என்ற பழைய கட்டளை, கட்டங்களுக்குள்ளும் குடியேறிவிட்டது, தோழர்களே!

ஒரு சிறு எழுத்துக்காக மல்லுக்கு நிற்பதா என்பர். நிற்கத்தான் வேண்டும். கொழுநன், பொருநன் போன்ற சில நீங்கலாக, தமிழ்ச் சொல்லின் நடுவே உயிரேறிய நகரம் வருவது அரிது. வாழ்நாள், முந்நூறு என இரு சொற்கள் கூடுமிடத்திலேதான் பெரும்பாலும் வரும். ஆகவே 'பழநி' என்றெழுதும் பேனா, அறிந்தோ அறியாமலோ, 'பழம் நீ' என்று பிரித்துக் காட்டுகிறது. மாம்பழம் கிடைக்காமல் கோபித்து மலையேறிய பிள்ளையைத் தேற்றிய புராணத்தை, ஒரே எழுத்தில் சுமந்து வருகிறது! 'நீ' எனும் நெடில் 'நி' எனக் குறுகியது எப்படி? கேட்டால் பதில் இல்லை.

அகநானூற்றின் முதற்பாட்டிலே மாமூலனார் பாடுவது ஆவியின் 'பொதினி'யை. அங்கே பழச்சண்டை இல்லை. பொதினியே பழனியாயிற்று என்பார் உளர். வயலைக் குறிக்கும் 'பழனம்' தந்த பெயர் என்பாரும் உளர். வாதம் தொடரட்டும். ஆனால் இரண்டிலும் நிற்பது னகரம் அன்றோ!

'மேலிருந்து கீழ் நிலா வருகிறதே' என்பார் புதிர் புனைவோர். உண்மை, னகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடையாது. நிலா இறங்கினால் பழநி. கனி இறங்கினால் பழனி. கட்டத்தின் வசதிக்காக ஊரின் பெயரை வளைப்பதா?

மலையுச்சியின் பெயருக்கும் இதே கதிதான். கொடைக்கானலுக்குக் கொடை என்றும், கோடை என்றும், கொடி என்றும் மூவகை விளக்கம் கூறுகின்றனர். கோடை என்பது வெயிற்காலம் மட்டுமா? மேல்காற்றுக்கும் அதுவே பெயர். இவற்றில் ஒன்றை மட்டும் முடிந்த முடிபாக்கிக் குறிப்பெழுதுவது அறிவுப் பயிற்சியாகுமா?

1913 டிசம்பர் 21-இல் ஆர்தர் வின் என்பவர் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட புதிர், நம் நாட்டுக்கு வந்ததும் பணப்பந்தயமாயிற்று. இரு சொற்கள் பொருந்தும் குறிப்பைத் தந்து, உறையிலிட்ட ஒன்றையே விடை என்றால், அகராதியைப் புரட்டியவனும் கண்ணைக் கட்டிக்கொண்டவனும் ஒன்றுதானே! 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்தது. மாதப் பரிசுக்கு 1000 ரூபாய், விடைத்தாள்களுக்கு 2000 என வரம்பிட்டது. 1957-இல் உச்சநீதிமன்றம், வெற்றி பெரிதும் திறமையைச் சாராத போட்டிகளுக்கே அச்சட்டம் பொருந்தும் என்றது. திறமையா, சூதா என்ற அந்தக் கேள்வியையே நாமும் கேட்கிறோம்.

விடையோடு சான்றும் அச்சிடுக. இரண்டு பொருந்தினால் இரண்டையும் ஏற்றிடுக. இயலாதெனில், அடுத்த வாரம் அந்த மூன்றாம் கட்டத்திலே நிலாவை நீக்கிக் கனியை இறக்கட்டும்!