எண்ணைக் கொடுக்குமுன் எண்ணிப் பார்ப்போம்

நமது கினிகத்தேனைச் சந்தியிலே மாலை வேளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்போர், அருகிலுள்ள கடையொன்றில் நுழைந்து கைத்தொலைபேசிக்கு ரீலோட் போட்டுக்கொள்வது வழக்கம். சென்ற மாதம் நாமும் அவ்வாறு சென்றிருந்தோம். நமக்கு முன் நின்ற மாணவி ஒருத்தி, கடைக்காரர் நீட்டிய கொப்பியில் தன் எண்ணை எழுதினாள். அந்தப் பக்கம் முழுவதும் ஊரார் எண்கள் நிரை நிரையாகக் கிடந்தன. யாரும் படிக்கலாம்; தடுப்பார் ஒருவருமில்லை.

இதிலென்ன தீங்கு என்று கேட்பவர் உளர். உத்தரப் பிரதேசத்திலே இத்தகைய கடைகள் சிலவற்றில் பெண்களின் எண்கள் 50 ரூபா முதல் 500 ரூபா வரை விற்கப்பட்ட செய்தியை 2017ஆம் ஆண்டில் இந்தியப் பத்திரிகைகள் வெளியிட்டன. பெண்ணின் தோற்றத்தைக் கொண்டே விலை வைத்தார்களாம்! வாங்கியவர்கள் இரவு பகலாய் அழைத்துத் தொல்லை கொடுத்தனர்.

பெருங் கம்பனிகளும் இவ்வகையில் பின்தங்கியவை அல்ல. கணக்கின் பாதுகாப்புக்கென்று கேட்டு வாங்கிய எண்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்திய குற்றத்துக்காக, 2022ஆம் ஆண்டில் டுவிட்டர் நிறுவனம் அமெரிக்காவில் 15 கோடி டொலர் அபராதம் செலுத்த இணங்கிற்று.

இத்தொல்லைக்கு மாற்றாகத் தோன்றியவையே தற்காலிக எண்கள். சில நாளைக்கு ஓர் எண்ணை வாடகைக்கு எடுத்து, அலுவல் முடிந்ததும் கைவிட்டுவிடலாம். நம் ஊரிலோ, இரண்டு சிம் ஏற்கும் தொலைபேசியில் இன்னொரு சிம்மைப் போட்டுக்கொள்வதே எளிய வழி. விளம்பரக்காரருக்கும் அறியாத வியாபாரிக்கும் அந்த இரண்டாம் எண் போதும். அது முகமூடியன்று, நமது அடையாள அட்டையின் பேரிலேயே பதிவாவது. ஆதலின் அதைப் பிறருக்கு இரவல் கொடுத்தலும் ஆகாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நாம் கைவிடும் எண் அழிந்துபோவதில்லை; சில காலம் கழித்து இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில், புதியவர்களுக்கு வழங்குவதற்கென இருந்த 259 எண்களைச் சோதித்தனர். அவற்றுள் 171 எண்கள் பழைய உரிமையாளரின் இணையக் கணக்குகளோடு இன்னும் பிணைந்திருக்கக் கண்டனர். வீட்டை விற்றவர் பெட்டகச் சாவியையும் விட்டுச்சென்ற கதைதான்! இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொது எண்களோ இன்னும் மோசம். அவற்றிற்கு வரும் இரகசியக் குறியீட்டை உலகமே வாசிக்கலாம். ஆகவே வங்கி, பாடசாலை, வைத்தியசாலை, பரீட்சை ஆகியவற்றுக்கு நிலையான எண்ணையே கொடுக்க வேண்டும். எந்த எண்ணைக் கைவிடுவதாயினும், முதலில் அதைக் கணக்குகளிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

மலையகத்தாராகிய நமக்கு இவ்விஷயத்தில் தனியானதொரு கரிசனையும் உண்டு. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமையால், நம்மவர் கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்திற்கு வந்து, பல கைகள் மாறியே வீடு சேர்ந்தன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்த பிறகு கிடைத்து மனமுடைந்த இளைஞர் எத்தனை பேர்! அந்நிலை இன்றும் முற்றாக நீங்கவில்லை. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்கு, இடையில் எவர் கையும் படாமல் செய்தி வந்து சேரும் முதல் முகவரி அவளது தொலைபேசி எண்ணேயாகும். அதைத்தான் அந்த மாணவி கடைக் கொப்பியில் எழுதிவிட்டு வந்தாள்.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஒரு காரியத்துக்கென வாங்கிய விவரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் சந்திக் கடையின் கொப்பிவரை சட்டத்தின் கை நீளும்வரையில், காவல் நம்முடையதே.

பெற்றோர் தம் பெண்மக்களிடமிருந்து தொலைபேசியைப் பறித்து வைத்தல் இதற்குப் பரிகாரமாகாது. “எதற்காக என் எண்ணைக் கேட்கிறீர்கள்?” என்று மரியாதையோடு வினவ அவர்களைப் பழக்குவோம். அன்று பஸ்ஸுக்கு நடக்கையில் அம்மாணவியிடம் நாம் சொன்னதும் இதுவே. “கேட்டால் கோபிக்க மாட்டார்களா, சேர்?” என்றாள் அவள். கோபித்தால் கோபிக்கட்டும், அம்மா, முகவரி உன்னுடையதல்லவா!