கலம் ஒப்புவிக்கும் தலைவனுக்குத் தராதரப் பத்திரம் வேண்டுமா?

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல், வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, சுயெஸ் வழியாகச் சென்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த வரலாற்றை நம்மவர் பெருமையுடன் பேசுவர். பேசுதல் தகும். ஆயினும், தண்டயல் தம்பிப்பிள்ளையும் தோழரும் ஆற்றிய பணி, பிறர் வாங்கிய கலத்தை அவர்தம் துறையிற் கொண்டுபோய் ஒப்புவித்தலே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. இன்று அது கூலிக்குச் செய்யும் தனித்தொழிலாகி உலகெங்கும் நடைபெறுகின்றது.

இத்தொழிலுக்குரிய தகைமை யாது? கடலோடிகளின் பயிற்சியையும் தராதரப் பத்திரத்தையும் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1978இல் உருவாகி 1984இல் அமுலுக்கு வந்தது. அதன் மூன்றாம் உறுப்புரையோ, வாணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகளையும் பழைய முறையில் அமைந்த மரக்கலங்களையும் விலக்கிவிட்டது. (நம் அன்னபூரணிக்கும் அவ்விலக்கில் இடங் கிடைத்திருக்கும் போலும்!) அமெரிக்காவிலும், கட்டணப் பிரயாணிகளை ஏற்றுந் தலைவனுக்கே அனுமதிப் பத்திரம் கட்டாயமாகும், ஒருவருடைய உல்லாசப் படகை வெறுமனே கொண்டுசென்று கொடுப்பவனுக்கு அன்று. அங்கே தலைவனின் தகுதியை ஆராய்பவர் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனியாரே. அவர்க்குக் கலத்தின் விலை கவலை. கலத்திலுள்ள இளைஞனின் உயிர் கவலையன்று.

"நம் முன்னோர் எப்பத்திரம் வைத்திருந்தனர்?" என வினவுவாருளர். ஊரே அவர்க்குப் பத்திரமாயிருந்தது. ஒரு தண்டயல் எவ்வயதிற் கடலேறினான், எப்புயலில் எவ்வாறு நடந்துகொண்டான் என்பன துறையிலுள்ளார் யாவரும் அறிந்தவை. முன்பின் அறியாதார் கடிதத்தாற் கூலி பேசும் இக்காலத்தில் அவ்வூர் எங்கே? ஆதலின் பத்திரம் வேண்டுமென்பதே என் துணிபு.

ஆனால், அது ஏட்டுச் சுரைக்காயாதல் கூடாது. பிரித்தானியாவில் வழங்கும் 'யொட்மாஸ்ரர் ஒவ்ஷோர்' தராதரத்திற்கு 2,500 கடல்மைல் ஓட்டமும், 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்களும் வேண்டும். பரீட்சகர் படகிலேறிக் கடலிலேயே சோதிப்பர். எழுத்தறிவு குறைந்த நல்ல கடலோடியையும் இத்தகைய சோதனை புறந்தள்ளாது. நாம் பின்பற்றத்தக்கது இதுவே.

பணியாளர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கடல்மைல் சேர்க்கும் ஆவலால் உணவுக்கு மாத்திரமே உழைக்கும் இளைஞர் பலர். தலைவனின் தகைமைப் பத்திரத்தோடு, பணியாளனின் ஊதியம், காப்புறுதி, ஊர் திரும்புஞ் செலவு ஆகியவற்றைக் குறித்த ஒப்பந்தமுஞ் சட்டத்தாற் கட்டாயமாதல் வேண்டும். அதுவரை, இத்தொழிலை நாடும் நம் மாணவர், நங்கூரந் தூக்குமுன் இவற்றை எழுத்திற் கேட்டுப் பெறுவாராக.