நமக்குள்ள இருக்கிற சண்டையைப் பற்றி ஒரு படம்

‘பெண்ணியப் படமா? அது ஏற்கனவே பெண்ணியம் பேசுறவங்களுக்குத்தான் பிடிக்கும்.’ இதை நீங்களும் ஒருமுறையாவது சொல்லியிருப்பீங்க. நானும் சொல்லியிருக்கேன்.

1983இல் வந்த ‘பார்ன் இன் ஃபிளேம்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்துக்கும் கிட்டத்தட்ட இதே விமர்சனம்தான் கிடைச்சது. போர்டனின் கருத்தை முன்னாடியே ஏத்துக்கிட்டவங்களைத் தவிர வேற யாரையும் இந்தப் படம் மாத்தாதுங்கிற மாதிரி எழுதினார், ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் ஜேனட் மாஸ்லின். இயக்குநர் லிஸ்ஸி போர்டன் ரொம்பக் குறைஞ்ச பணத்தில், சுமார் ஐந்து வருஷமா எடுத்த படம் அது.

கதை இதுதான். அமெரிக்காவில் அமைதியா ஒரு சோஷலிசப் புரட்சி நடந்து பத்து வருஷம் ஆயிடுச்சு. ஆனா பெண்களுக்குத் தெருவில் தொல்லை நிக்கலை, வேலையும் அவங்களுக்குத்தான் முதல்ல போகுது. கேட்டா, ‘புரட்சிதான் வந்தாச்சே, கொஞ்சம் பொறுங்க’ன்னு பதில். அதனால ஒரு பெண்கள் படை உருவாகுது. தெருவில் ஒருத்தியை யாராவது சீண்டினா, விசில் ஊதிக்கிட்டு சைக்கிளில் வந்து சூழ்ந்துக்குவாங்க.

குறை இல்லாமல் இல்லை. பல பேருக்கு நடிப்பு வரலை, காட்சிகள் திடீர்னு வெட்டுது. கடைசியில் ஆன்டெனாவுக்குக் குண்டு வைக்கிறதை என்னால ஏத்துக்கவும் முடியலை.

ஆனா மாஸ்லின் சொன்னது தப்புன்னு நினைக்கிறேன். படத்தில் வர்ற பெண்களே ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துப்போகலையே! கறுப்பினப் பெண்களுக்கு ஒரு வானொலி, வெள்ளைக்காரப் பங்க் பெண்களுக்கு இன்னொன்று. ‘அவசரப்படாதீங்க’ன்னு எழுதுற பத்திரிகை ஆசிரியர்களும் பெண்கள்தான். படைத்தலைவி அடிலெய்ட் நாரிஸ் போலீஸ் காவலில் செத்த பிறகுதான் இவங்க எல்லாரும் ஒண்ணு சேர்றாங்க. ஒத்த கருத்து உள்ளவங்களுக்குள்ள இருக்கிற சண்டைதான் இந்தப் படமே. கோட்பாட்டாளர் தெரேசா தெ லாரெட்டிஸ் இந்தப் படத்தைக் கொண்டாடினதும் பெண்களுக்குள்ள இருக்கிற இந்த வேறுபாடுகளை மறைக்கலைங்கிறதுக்காகத்தான். 2016இல் படத்தைச் சீரமைச்சு மறுபடி திரையிட்டப்போ புதுத் தலைமுறையும் தேடிப் பார்த்துச்சு.

எனக்கு இது ஏன் சுட்டதுன்னு சொல்லிடறேன். ரெண்டாம் வருஷத்தில், பெண்கள் விடுதிக்கும் ஆண்கள் விடுதிக்கும் ஒரே கேட் டைம் வேணும்னு ஒரு மனு சுத்துச்சு. என் அறைக்கும் வந்துச்சு. “நியாயம்தான்டி, ஆனா பிளேஸ்மென்ட் முடியட்டும், இப்போ எதுக்கு வம்பு?”ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். என்னை மாதிரியே சொன்னவங்க நிறைய. மனு அப்படியே செத்துப்போச்சு. அதைத் தடுத்தது வார்டன் இல்லை, நாங்கதான்.

அந்தப் பத்திரிகை ஆசிரியர்களைத் திரையில் பார்த்தப்போ எனக்கு என் குரல்தான் கேட்டுச்சு. ஏற்கனவே ஒத்துப்போற ஒருத்தியைத்தான் இந்தப் படம் மாத்தியிருக்கு.

இந்த செமஸ்டர் ஜூனியர்ஸ் மறுபடி மனு எழுதுறாங்க. முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கு. நீங்க படத்தைப் பாருங்க, பிடிக்கலைன்னா சண்டைக்கு வாங்க. கையெழுத்தை மட்டும் தள்ளிப்போடாதீங்க.