கவர்னர் மாளிகையில் ஓர் இரவு

காரைக்கால் பகுதியிலுள்ள மண்டபத்தூர்க் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்கும் இக்காலக் குடும்பம் ஒன்று, காலத்தைப் பின்னோக்கிக் கடந்து, 1742 முதல் 1754 வரை துய்ப்ளேக்ஸ் கவர்னராக வீற்றிருந்த புதுச்சேரியில், பிரெஞ்சுப் பிரபுக்களின் நடன விருந்துக்குள் நுழைவதாகக் கற்பனை செய்து பார்ப்போம். மெழுகுவத்தி ஒளியில், வயலின் நாதத்துக்கு இசைய, பிரபுக்களும் சீமாட்டிகளும் கைகோத்து ஆடும் காட்சியில் பிள்ளைகள் பிரமித்து நிற்பார்கள். ஆயினும், இத்தனை வைபவத்துக்கும் திரவியம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுள் ஒருவர் வினவினால், தறியின் முன் குனிந்திருந்த நெசவாளரையும், 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலின் வயல்களில் சேற்றில் நின்ற குடியானவரையும் சுட்டிக் காட்டுவது பெற்றோரின் கடமையாகும்.

அந்தச் சபையில் அக்குடும்பம் தேடிச் சென்று வணங்கத்தக்கவர், பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. யுத்தம், வியாபாரம், விருந்து, வதந்தி ஆகிய யாவற்றையும் 1736 தொடங்கி 1761-இல் தாம் மறையும் வரை தமிழிலேயே எழுதி வைத்தவர் அவர். அவர் மறைந்த அதே ஆண்டில் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கவர்னர் மாளிகையை இடித்துத் தரைமட்டமாக்கினர். பிள்ளையின் இல்லமோ இன்றும் நிற்கிறது, அவருடைய நாட்குறிப்பும் நிலைத்திருக்கிறது.

ராஜ வைபவங்களின் ஆடம்பரத்தில் மயங்குவது சரித்திர ஞானமாகாது. ஆடியவர் யார் என்பதோடு, உழைத்தவர் யார், எழுதியவர் யார் என்றும் நம் குழந்தைகள் அறிய வேண்டும். பெற்றோர்களே, விடுமுறையில் அவ்வில்லத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அந்நாட்குறிப்பின் சில பக்கங்களையேனும் வாசித்துக் காட்டுங்கள்.