நிரவாத நிலம்

ஆங்கிலப் பந்தியொன்றைத் தமிழில் பெயர்க்குமாறு மேல்வகுப்பு மாணவரைப் பணித்திருந்தேன். ஆய்வுகூடம் உள்ள பாடசாலைப் பிள்ளைகளும் இல்லாத பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே விஞ்ஞான வினாத்தாளுக்கு விடையெழுதுவது பற்றியது அப்பந்தி. அந்நிலையை அதன் ஆசிரியர் ‘இன்எக்குவிற்றி’ என்று குறித்திருந்தார். மாணவன் ஒருவன் அதனை ‘அக்கிரமம்’ என்று பெயர்த்தான். நான் அதை வெட்டிச் ‘சமமின்மை’ என்றெழுதி, இரண்டு புள்ளிகளையும் குறைத்தேன்.

அவன் தடுமாறிய இடம் எளிதில் விளங்கிற்று. ‘இனிக்குவிற்றி’ என்னும் சொல்லோடு இதனை மயங்கிவிட்டான். இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். இலத்தீனில் ‘ஐக்குவுஸ்’ என்றால் மேடுபள்ளமற்றது; அதன் எதிர்மறையே இவ்விரண்டிற்கும் மூலம். மூத்தது பிரெஞ்சு வழியாக வந்து, விவிலிய ஆங்கிலத்திற் புகுந்து, பாவம், கொடுமை என்று கறுத்துப்போயிற்று. தமிழ் விவிலியம் அதற்குப் பெரிதும் ஆள்வது ‘அக்கிரமம்’ என்பதையே. இளையது 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. நிலத்தின் நினைவு அதனிடம் இன்னும் உண்டு.

ஆனால் அம்மாணவன் என்னிடம் வந்து கேட்டான்: “வினாத்தாளும் ஒன்று, நேரமும் ஒன்று. சமமின்மை எங்கே ஐயா?”

எனக்கு விடை வரவில்லை.

நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. அநியாயம் உண்டு, ஓரவஞ்சகம் உண்டு. வள்ளுவர் 56ஆம் அதிகாரத்திற்குத் தலைப்பாக்கிய ‘கொடுங்கோன்மை’யிலே வளைந்த கோல் ஒன்று கண்முன் நிற்கின்றது. ஆயின் கோல் என்றால் அதைப் பிடித்த கையும் ஒன்று உண்டு. இச்சொற்கள் யாவும் குற்றவாளி ஒருவனைத் தேடுகின்றன. இன்எக்குவிற்றிக்கோ அப்படியொருவன் வேண்டியதில்லை. அவ்வினாத்தாளைத் தயாரித்தவர் மிக நேர்மையாளராகவே இருக்கலாம்.

கமக்காரரிடம் ஒரு சொல் உண்டு: நிரவுதல். நிரவாத வயலுக்கு எவ்வளவு ஒழுங்காக நீர் பாய்ச்சினும் மேட்டுப் பயிர் வாடும். பள்ளத்துப் பயிர் அழுகும். பாய்ச்சியவன் ஓரவஞ்சகன் அல்லன். ‘நிரவாமை’ என்று பெயர்த்தால் என்ன? பண்டிதர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். பொருளைத் தொடாத ‘சமமின்மை’யிலும் இது மேல் என்பது என் துணிபு.

விடைத்தாளைத் திரும்ப வாங்கி, சிவப்பு மையில் நான் எழுதியிருந்த சொல்லையும் வெட்டினேன். ‘அக்கிரமம்’ பிழையே என்றுதான் அப்போதும் அவனிடம் சொன்னேன். அவன் முன்பு படித்த பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்ததில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.