வாடகை தெரியாத விலைவாசி

2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்தானே, சுங்குவார்சத்திரம் ஆலைத் தொழிலாளிக்கு எதற்குச் சம்பள உயர்வு என்று கேட்கிறார்கள். எண் சரி, கேள்வி தப்பு. ஓராண்டில் உணவுப்பொருள் விலை சுமார் 5 சதவீதம் இறங்கியதுதான் அந்த எண் அவ்வளவு குறைந்ததற்கு முக்கியக் காரணம். கேன்டீனில் சாப்பிடுகிறவர் தக்காளி மலிந்ததில் எதை மிச்சம் பிடிப்பார்? பத்துக்குப் பத்து அறை, நான்கு பாய், ஆணியில் தொங்கும் நான்கு சீருடை: அவர் பணம் போகுமிடம் அது. அந்த எண்ணைக் கணக்கிட்ட, 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டு வரிசையில், நகரக் குறியீட்டில் வீட்டுவசதிக்கு 21.67 சதவீத எடை இருந்தது; கிராமக் குறியீட்டில் வாடகை என்ற இனமே இருக்கவில்லை. ஊராட்சி எல்லைக்குள் அறை எடுத்தால் வாடகை கேட்க மாட்டார்களா? கேட்கிறார்கள், அட்வான்சும் சேர்த்து. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்துத்தான் தொழிலாளிகள் அதைக் கட்டுகிறார்கள்.